ஃபோகஸுக்கு ஒரு படம்

அந்த இருட்டில் கேமரா ஃபோகஸ் பிடித்திருக்கவே கூடாது.

மதியம் மூன்று மணிதான். ஆனால் காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்ததால் தேவாலயத்துக்குள் வெளிச்சம் என்று சொல்ல எதுவும் இல்லை. வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் கரி பிடித்த சிமினி மாதிரி மங்கிக்கிடக்க, ஈரக் கல்லின் வாசமும் அணைந்த மெழுகுவத்தியின் வாசமும் பெஞ்சுகளில் பூசிய பழைய வார்னிஷின் வாசமும் ஒன்றாகக் கலந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் ஒட்டிக்கொண்டன. புகைப்படக்காரர் வாசல் பக்கமாக ட்ரைபாட்டை விரித்து, கேமராவை மாட்டி, பழக்க தோஷத்தில் பட்டனைப் பாதி அழுத்தினார். இந்த மாதிரி இருட்டில் லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டு ஓடும். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடைக்காமல் ஓய்ந்துபோகும். முப்பது வருடமாகப் பார்க்கிறார். கையால்தான் திருகவேண்டியிருக்கும் என்று விரலைக்கூட லென்ஸ் வளையத்தில் வைத்துவிட்டார்.

பீப் என்றது கேமரா.

எதைப் பிடித்தது? நிமிர்ந்து பார்த்தார். வரிசையாகக் காலி பெஞ்சுகள். இரண்டு பக்கமும் தூண்கள். கோடியில் பீடம். வெளிச்சம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. சரி, எங்கேயோ பித்தளை மினுங்கியிருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு படத்தை எடுத்தார். முப்பது விநாடி. அந்த முப்பது விநாடியும் கூரைக்குள் ஒரு புறா சிறகை விரித்து மடிக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு கேமராவின் பின்பக்க ஸ்கிரீனில் படம் வந்தது.

மூன்றாவது பெஞ்சில் ஒரு வெளிச்சம் இருந்தது. சின்னது, வெள்ளை. உட்கார்ந்திருக்கிற ஆளின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்தில்.

அது என்ன என்று தெரியாமல் இருந்திருந்தால் பரவாயில்லை. அது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பழைய தேவாலயங்களின் உட்புறத்தைப் படமெடுத்து ஒரு பெரிய புத்தகம் போடுகிறார்கள். நாற்பது தேவாலயம், ஒன்றுக்கு இருநூறு படம். அந்த வேலையை ஒப்புக்கொண்டபோது அவரும் அவர் மனைவியுமாகத்தான் ஒப்புக்கொண்டார்கள். படம் எடுப்பது அவர். எடுத்த படத்தைக் காப்பாற்றுவது அவள். எந்த லாட்ஜில் தங்கினாலும் சாயங்காலம் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு லேப்டாப் முன் உட்கார்ந்துவிடுவாள். கார்டிலிருந்து ஒரு காப்பி லேப்டாப்பில், ஒரு காப்பி கறுப்பு ஹார்ட் டிஸ்கில், ஒரு காப்பி நீல ஹார்ட் டிஸ்கில். கறுப்பு அவர் பையில், நீலம் அவள் பையில். "ஒரு பை தொலைஞ்சாலும் ஒரு பை வீடு வந்து சேரணும்" என்பாள். மூன்று இடத்திலும் எண்ணிக்கை ஒத்துப்போனால்தான் சாப்பாடு. அவளை அவர் மேனேஜரம்மா என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் மட்டும் வெறும் மேனேஜர்.

படப்பிடிப்பிலும் அவளுக்கு ஒரே ஒரு வேலை உண்டு. உள்ளே நுழைந்ததும் முதல் காரியமாக, கேமராவிலிருந்து மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்து, உடம்பைத் திருப்பி, இடது கையைப் பெஞ்சின் முதுகில் போட்டுக்கொண்டு, வலது கையால் செல்போன் டார்ச்சை முகத்துக்கு நேராகப் பிடிப்பாள். கேமரா அந்த வெளிச்சத்தைக் கப்பென்று பிடித்துக்கொள்ளும். பீப். அப்படியே ஒரு படம். "ஆச்சா? எந்திரிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து ஓரமாகப் போய்விடுவாள். அதன் பிறகு எடுப்பதுதான் வேலை. அந்த முதல் படம் வெறும் ஃபோகஸுக்கு. சாயங்காலம் காப்பி எடுக்கும்போது அதைத்தான் முதலில் டெலிட் பண்ணுவாள்.

"இருந்துட்டுப் போகட்டுமே. நீ இருக்கிற படம்" என்று அவர் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார்.

"நான் எங்க இருக்கேன்? லைட்டுதான் இருக்கு. இடத்தை அடைக்கும்."

முப்பத்தாறு தேவாலயம். முப்பத்தாறு தடவை அவளே அவளை அழித்தாள். கார்டுகளைத் துடைத்துத் துடைத்து மறுபடி பயன்படுத்தியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் போன பிறகு அந்தக் கார்டுகளையெல்லாம், அழிந்த படத்தை மீட்டுத் தருகிற கடையில் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்தார். தூணும் ஜன்னலும் திரும்பி வந்தன. அவள் வரவில்லை. ஊரில் இருக்கிற கல்லையெல்லாம் படமெடுத்தவன் வீட்டில் மனைவியின் படம் இருபத்து மூன்றுதான் என்றால் யார் நம்புவார்கள்? உறவுக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி அந்த இருபத்து மூன்றையும் சேர்த்தது மகள்தான். சேர்த்து, அப்பா ஃபோனிலும் தன் ஃபோனிலும் தெரிகிற மாதிரி ஒரு ஆல்பம் போட்டு வைத்திருந்தாள்.

முப்பத்தேழாவது தேவாலயத்துக்கு அவர் தனியாகப் போனார். அவள் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாள். "அனுமதி இன்னைக்கு ஒருநாள்தான். போயிட்டு வாங்க, நான் எங்க ஓடிடப்போறேன்" என்று அவள்தான் அனுப்பினாள். அவர் திரும்பி வந்தபோது தலைவரைக்கும் துணி மூடியிருந்தது. முகத்தைப் பார்க்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று எட்டு மாதமாக யோசிக்கிறார். பயம்தான். வேறென்ன. அந்த ஒரு வார்த்தையை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எட்டு மாதம் ஓடிவிட்டது. மீதி மூன்று தேவாலயத்தை முடித்துக் கொடுங்கள் என்று பதிப்பகத்தார் ரொம்பப் பதமாக எழுதிய பிறகுதான் இப்போது காரை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்.

அன்று சாயங்காலம் லாட்ஜ் அறையில், டியூப்லைட்டின் ரீங்காரத்துக்கும் பாத்ரூம் குழாயின் சொட்டுக்கும் நடுவே, கார்டை லேப்டாப்பில் சொருகினார். கேமராவில் அந்தப் படத்தின் எண் 6120. வரும்போது காரில் உட்கார்ந்து நாலைந்து தடவை பார்த்திருந்தார், எண் மனப்பாடமாகிவிட்டது. லேப்டாப்பில் ஃபோல்டர் 6121-இல் தொடங்கியது. கார்டைப் பிடுங்கி மறுபடி கேமராவில் போட்டுப் பார்த்தார். அங்கேயும் 6121.

மற்றபடி எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரொம்ப ஒழுங்காக இருந்தது. கறுப்பு டிஸ்கில் காப்பி ஆகியிருந்தது. நீல டிஸ்கிலும் காப்பி ஆகியிருந்ததாக லேப்டாப் காட்டியது. கூடவே கொண்டுவந்திருந்த அவள் பையிலிருந்து நீல டிஸ்கை அவர் வெளியே எடுக்கவே இல்லை.

மகள் ஃபோன் பண்ணினாள்.

"சாப்டீங்களாப்பா?"

"ஆச்சு பாப்பா."

"பொய் சொல்லாதீங்க. அம்மா இருந்தா எண்ணிக்கை சரியா வந்தாத்தான் சாப்பாடு. இப்ப எண்ணவும் ஆளில்ல, போடவும் ஆளில்ல." சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்துபோனது. "நான் டெய்லி படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு படம் பாத்துட்டுத்தான் படுக்கிறேன். அந்த நீலப் புடவை படம். அதுல அம்மா என்னமோ என்னையே திட்டப்போற மாதிரி இருப்பாங்க."

அவர் 6120 பற்றிச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

மீதி மூன்றில் இரண்டாவது தேவாலயத்தின் சாவி, எதிர்வீட்டில் இருந்த ஒரு அம்மாவிடம் இருந்தது. கதவைத் திறந்து விட்டுவிட்டுப் போகாமல் அந்த அம்மா கூடவே நின்றார். "ஆளே இல்லாத பெஞ்சைப் படம் புடிக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? ஒரு கல்யாணத்தன்னைக்கு வந்திருந்தா நாலு மூஞ்சியாவது தேறியிருக்கும்." வேறு நாளாக இருந்தால் அவருக்கு எரிச்சல் வந்திருக்கும். இன்றைக்கு இந்தப் பேச்சுக்காகவே அந்த அம்மாவைக் கையெடுத்துக் கும்பிடலாம்போல் இருந்தது.

"ஒரு சின்ன உதவிம்மா. அந்த மூணாவது பெஞ்சுல உக்காந்து ஃபோன் லைட்டை மூஞ்சிக்கு நேரா பிடிக்கிறீங்களா? ஃபோகஸுக்கு."

"என்னையா எடுக்கப்போறீங்க? முன்னாடியே சொல்லியிருந்தா தலையாவது சீவிட்டு வந்திருப்பேனே."

உட்கார்ந்தார். லைட்டைப் பிடித்தார். பெஞ்சு ஒரு தடவை கிறீச்சிட்டது. ஒரு கணம் விட்டு இன்னொரு தடவையும் கிறீச்சிட்டது. பீப். முப்பது விநாடி.

ஸ்கிரீனில் இரண்டு வெளிச்சம். பக்கத்தில் பக்கத்தில்.

ஒன்றைப் பிடித்திருந்தது சாவிக்கார அம்மாவின் பருத்த கை. இன்னொன்றைப் பிடித்திருந்த கையில் மண்நிற ஸ்வெட்டர். படத்தைப் பெரிதாக்கினார். வலது முழங்கையில் கறுப்பு நூல் தையல். மண்நிற நூல் தீர்ந்துபோய், "யாரு என் முழங்கையைப் பாக்கப்போறா" என்று சொல்லிக்கொண்டு அவள் ஒரு லாட்ஜ் கட்டிலில் உட்கார்ந்து போட்ட தையல். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளிச்சம் மட்டும்.

"நல்லா வந்திருக்கேனா?" என்றார் அந்த அம்மா எழுந்து வந்தபடி.

"நல்லா வந்திருக்கீங்கம்மா" என்றார். ஸ்கிரீனை உள்ளங்கையால் மூடிக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. பயத்திலா என்று கேட்டால், பயத்திலும்தான். ஆனால் அதைவிட, இத்தனை மாதம் கழித்து அந்தத் தையலைப் பார்த்ததில்.

இந்தத் தடவை விடக்கூடாது என்று முடிவு பண்ணினார். கேமராவில் அந்தப் படத்துக்கு அழிக்க முடியாதபடி பூட்டுப் போட்டார். ஸ்கிரீனைத் தன் ஃபோனாலும் படமெடுத்துக்கொண்டார். கார்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்து, பையின் வாயை ஊக்குக் குத்தி மூடினார். மீதிப் படங்களையெல்லாம் வேறு கார்டில் எடுத்தார். லாட்ஜுக்குப் போய் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. கட்டிலில் உட்கார்ந்து, நெஞ்சின்மேல் கையை வைத்து அந்தக் கார்டை அழுத்திக்கொண்டே இருந்தார். ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் டிவி ஓடியது. இந்தச் சத்தத்துக்கெல்லாம் அடியில், அறைக்குள், ரொம்ப மெல்லிசாக இன்னொன்று. லேப்டாப் பொத்தானைத் தட்டுகிற சத்தம். ஒரே பொத்தான். நிதானமாக, விட்டு விட்டு.

லேப்டாப் மூடித்தான் இருந்தது.

பதினொரு தடவை கேட்டது. எண்ணக் கூடாது என்று நினைத்தும் எண்ணிவிட்டார்.

ஃபோன் அடித்தது. மகள்.

"அப்பா, ஆல்பத்துல நீங்க ஏதாவது கை வச்சீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"பதினோரு படம் காணோம். நீலப் புடவை போச்சு. சித்தி அனுப்பினது போச்சு. சித்திகிட்டயே கேட்டேன், அவங்க ஃபோன்லயும் இல்லையாம். அது எப்படிப்பா? வீட்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தோமே, நீங்க ரெண்டு பேரும் படியில உக்காந்திருக்கிறது... அதுல நீங்க மட்டும் இருக்கீங்கப்பா. ஓரமா. பக்கத்துல வெறும் படி."

அவர் ஊக்கைக் கழற்றினார். கார்டைக் கேமராவில் போட்டார். காலி. ஃபோனில் எடுத்த படத்தைத் தேடினார். அதுவும் இல்லை. அப்புறம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். வெளிச்சம், ஸ்வெட்டர், தையல், சத்தம்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லப்பா" என்றாள் கடைசியில். ரொம்ப நேரம் அழுதாள். "இல்ல, நிஜமாவே அம்மாவா இருந்தாலும் வேண்டாம்ப்பா. புரியுதா? நீங்க ஒண்ணைப் புடிச்சு வைக்கப் பாத்தா இங்க பத்து போகுது. அம்மா சுத்தம் பண்றாங்க. அவங்க பண்ணா எப்படிப் பண்ணுவாங்கன்னு தெரியும்ல, ஒண்ணு விடாம பண்ணுவாங்க. மிச்சம் பன்னெண்டுதான் இருக்கு. எனக்கு அந்தப் பன்னெண்டு வேணும்ப்பா."

"போகல. அந்தக் கடைசி சர்ச்சுக்குப் போகல."

"என் மேல சத்தியமா?"

"உன் மேல சத்தியமா."

காலையில் கார் வீட்டுப் பக்கம்தான் திரும்பியிருக்க வேண்டும். அவர் மனதறிந்து எதிர்ப்பக்கம் திருப்பினார். வழியெல்லாம் தனக்குத்தானே வக்கீலாகி வாதாடிக்கொண்டே போனார். படம் எடுத்தால்தானே அழிக்க முடியும்? எடுக்காவிட்டால்? வெறுமனே பார்த்தால் என்ன? கேமராவில் கார்டே போடாமல், ஸ்கிரீனில் வருகிறதை மட்டும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வந்தால் யாருக்கு என்ன நஷ்டம்? வெளிச்சத்தைக் கீழே இறக்கச் சொன்னால் இறக்குவாள். படமெடுக்கும்போது அவர் சொல்லி அவள் கேட்காதது என்று எதுவும் இருந்ததில்லை. அந்த முகத்தை ஒரே ஒரு தடவை. அன்றைக்கு வேண்டாம் என்று சொன்னதை அழித்துவிடலாம்.

கடைசித் தேவாலயம் சின்னது. வெள்ளையடித்த சுவர், மரக் கூரை, வரிசைக்கு எட்டே பெஞ்சு. மழை பிடித்துக்கொண்டது. அவர் கதவைச் சாத்தினார். கூரையில் மழை விழுகிற சத்தம் உள்ளே நிரம்பி, அவருடைய செருப்புச் சத்தத்தைக்கூட விழுங்கிவிட்டது. ஈர மரத்தின் வாசம். சுண்ணாம்பு வாசம். ட்ரைபாட்டை விரித்தார்.

கார்டு இல்லை. இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். இல்லை.

ஸ்கிரீனைப் போட்டார். மூன்றாவது பெஞ்சைப் பத்து மடங்கு பெரிதாக்கினார்.

வெளிச்சம் இருந்தது.

நிமிர்ந்து நேராகப் பார்த்தார். வெறும் பெஞ்சு. ஸ்கிரீனைப் பார்த்தார். ஸ்வெட்டர். பெஞ்சின் முதுகில் இடது கை. வெள்ளை வெளிச்சம்.

"மேனேஜரம்மா" என்றார். "லைட்டைக் கீழ இறக்கும்மா. மூஞ்சியப் பாக்கணும்."

வெளிச்சம் அசையவில்லை. அப்புறம் அசைந்தது. இல்லை என்பதுபோல், இடமும் வலமுமாக.

"அன்னைக்குப் பாக்காம விட்டுட்டேன். எனக்குத் தைரியம் இல்ல. ஒரே ஒரு தடவ. படம் எடுக்கல. சத்தியமா எடுக்கல."

மழை. மழை மட்டும்.

வெளிச்சம் இறங்கியது.

அவள்தான். ஐயோ, அவளேதான். ஒரு மாற்றமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்னால் இருந்த முகம். தூக்கம் பத்தாத கண். நெற்றியோரம் சாயம் போன முடி. அவர் பயந்த எதுவும் அந்த முகத்தில் இல்லை. இதைப் பார்க்கவா பயந்தோம் என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. இரண்டு கையாலும் கேமராவைப் பிடித்துக்கொண்டு, ஸ்கிரீனில் நெற்றி முட்டும்படி குனிந்து, பார்த்தார். கண் சிமிட்டாமல் பார்த்தார். எட்டு மாதத்துப் பசிக்குப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அழப்போகிறவள் மாதிரி இருந்தாள். ஏன் இப்படிப் பண்ணினீங்க என்று கேட்கிற முகம்.

சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது.

"அப்பா." மகளின் குரல் ஓட்டமாக ஓடி வந்து நின்றவளுடையது மாதிரி இருந்தது. "எல்லாம் போச்சுப்பா. பன்னெண்டும். ஆல்பம் காலி. கல்யாணப் போட்டோவுல நீங்க ஒத்தையா நிக்கிறீங்க. எங்க இருக்கீங்க? அங்க போனீங்களா?"

அவர் கண் ஸ்கிரீனை விட்டு நகரவில்லை.

"போனீங்க." அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "அப்பா, இன்னொண்ணு. எனக்கு... எனக்கு அம்மா மூஞ்சி ஞாபகம் வர மாட்டேங்குதுப்பா. எவ்வளவோ முயற்சி பண்றேன். குரல் வருது. கை வருது. மூஞ்சி மட்டும் வரல. எப்படி இருப்பாங்க? சொல்லுங்கப்பா. நீங்க சொன்னா வந்துடும்."

அவர் ஸ்கிரீனைப் பார்த்தார். உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே முகம் அங்கே இருந்தது.

"இடது புருவத்துல ஒரு வெட்டு இருக்கும்" என்றார். "சின்ன வயசுல ஊஞ்சல் இடிச்சது. அந்த இடத்துல முடி முளைக்காது."

"ம். அப்புறம்?"

ஸ்கிரீனில் அந்தப் புருவத்தைத் தேடினார். காணவில்லை. வெட்டு மட்டுமல்ல. புருவமே. அந்த இடத்தில் தோல் மட்டும் இருந்தது. சுத்தமாக.

"அப்புறம்ப்பா? நிக்க மாட்டேங்குது, சீக்கிரம் சொல்லுங்க."

"மூக்குல... கண்ணாடி போட்டுப் போட்டு ரெண்டு பக்கமும் குழி."

மூக்கு போனது. யாரோ ஈரத் துணியால் ஒரே இழுப்பில் துடைத்த மாதிரி.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பேசக் கூடாது. இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது. மீதியாவது இருக்கட்டும். கண் இருக்கிறது. அந்தக் கண் அவரையே பார்த்தது. உதடு இருக்கிறது.

"அப்பா! ஏன் நிறுத்திட்டீங்க? அம்மா கண்ணு எப்படி இருக்கும்? எனக்கு அம்மா கண்ணுன்னுதானே எல்லாரும் சொல்வாங்க? கண்ணாடி முன்னாடிதான் நிக்கிறேன். என் கண்ணைப் பாத்தாக்கூட எனக்குத் தெரியலப்பா." கேவிக் கேவி அழுதாள். ஆறு வயதில், காய்ச்சலில், இப்படித்தான் அழுவாள். "உங்களுக்குத் தெரியும். நீங்க பாத்துட்டீங்க. எனக்கு மட்டும் ஏன்ப்பா இல்ல?"

அவரால் தாங்க முடியவில்லை. தனக்கென்று வைத்துக்கொள்வதா, மகளுக்குக் கொடுப்பதா. எந்த அப்பனால் வைத்துக்கொள்ள முடியும்?

"சிரிச்சா வலது கண்ணு மட்டும் சின்னதாகும்" என்றார்.

கண்.

"கீழுதட்டுக்குக் கீழ ஒரு மச்சம்."

மச்சம். தாடை.

"முன்பல்லு ஒண்ணு லேசா இன்னொண்ணு மேல ஏறி இருக்கும். அதை மறைக்கத்தான் வாயை மூடிக்கிட்டே சிரிப்பா." அவர் அழுதுகொண்டே சொன்னார். வேகவேகமாகச் சொன்னார். நிறுத்தினால் அதுவும் மறந்துவிடும் என்று தோன்றியது. சொல்லி முடித்ததும், சற்று முன் என்ன சொன்னார் என்று யோசித்தார். ஏதோ பல்லைப் பற்றி. யாருடைய பல்?

ஸ்கிரீனில் மண்நிற ஸ்வெட்டர் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இடது கை பெஞ்சின் முதுகில். மடியில் டார்ச் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சம் கீழேயிருந்து அடித்ததில் முகம் முழுவதும் நன்றாகத் தெரிந்தது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும். மேடில்லை. பள்ளமில்லை. உரித்த முட்டை.

"வரலப்பா" என்றாள் மகள் ஃபோனில். "இன்னும் வரல. அப்புறம்? அப்புறம் சொல்லுங்க."

அந்த வழவழப்பில் சொல்வதற்கு ஒரு அடையாளத்தை அவர் தேடிக்கொண்டிருந்தார்.

"அப்பா? இருக்கீங்களா? அப்பா?"

அந்தக் குரலைக் கேட்டு, ஸ்கிரீனில் இருந்த தலை மெதுவாகத் திரும்பியது. அவர் பக்கம் இல்லை. அவர் காதோரம் பிடித்திருந்த ஃபோன் பக்கம். கண்ணில்லாத அந்த முகம், மகள் அழுகிற திசையைப் பார்த்தபடி, மடியிலிருந்த வெளிச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பெஞ்சிலிருந்து எழுந்தது.